கொடிவழி கேட்ட மருத்துவர்கள்

பெண் கேட்டு வருபவர்களிடம் நம் வீட்டுப் பெரியவர்கள் முதலில் கொடிவழியைத்தான் விசாரிப்பார்கள். பையன் யார் வீட்டுப் பிள்ளை, அவனுடைய வாப்பாவைப் பெற்ற உம்மா எந்தத் தெருவைச் சேர்ந்தவர், அவருடன் பிறந்தோர் எத்தனை பேர், அவர்களுக்கெல்லாம் எங்கெங்கே சம்பந்தம் என்று அவ்வினாக்கள் மூன்று தலைமுறைக்குப் பின்னோக்கிச் செல்லும். பேச்சினிடையே யாரேனும் ஒரு மூதாட்டி குரலைத் தாழ்த்தி, "அந்த வீட்டில் ஒரு குறை உண்டு" என்று சொல்லிவிட்டால் போதும். சம்பந்தப் பேச்சு அத்தோடு நின்றுவிடும். அக்குறை எவ்வாறு வந்தது, இனி யாருக்கு வரும், யாருக்கு வராது என்பதையெல்லாம் அம்மூதாட்டி அறியார். ஏதோ ஒன்று அக்குடும்பத்தில் ஓடுகிறது என்பதை மட்டும் அறிவார்.

மருத்துவ உலகின் அறிவும் நெடுங்காலம் அம்மூதாட்டியின் அறிவைக் கடந்து வெகுதூரம் சென்றுவிட்டதாகக் கூறுவதற்கில்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னர், ஸ்பெயின் நாட்டுக் குர்துபாவில் வாழ்ந்த மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ, ஓர் ஊரைச் சேர்ந்த ஆண்கள் காயம்பட்டால் குருதி நில்லாது ஒழுகி மடிந்துபோவதைத் தம் 'அத்தஸ்ரீஃப்' என்னும் பெருநூலில் குறித்து வைத்தார். இன்று நாம் ஹீமோஃபீலியா என்றழைக்கும் பரம்பரை நோயைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் அதுவும் ஒன்று. பின்னர் மெண்டல் வந்தார். அவர் பட்டாணிச் செடிகளில் கண்ட விதிகள் மறக்கப்பட்டு 1900-ஆம் ஆண்டில் மீண்டும் கண்டெடுக்கப்பட்டன. ஆயினும் அவ்விதிகள் தாவரவியலாரின் தோட்டத்திலும் ஈக்களை வளர்த்தோரின் கண்ணாடிக் குப்பிகளிலுமே நெடுநாள் தங்கிவிட்டன. நோயாளியின் கட்டிலருகே அவை வந்து சேர்வதற்கு மேலும் அரை நூற்றாண்டு பிடித்தது.

அவ்வாறு வந்து சேர்ந்த இடங்களுள் தலையாயது அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவக் கல்லூரி. உறவுக்குள் உறவு கொள்ளும் குடும்பங்களில் பிறந்த நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்திகள் அதன் வரலாற்றில் உண்டு. பெருமைக்குரியனவும் உண்டு, மனத்தை உறுத்துவனவும் உண்டு.

அக்கல்லூரி 1893-இல் தொடங்கப் பெற்றது. பணமின்றித் தயங்கி நின்ற அதனைத் திறந்து வைத்தது மேரி காரெட் என்னும் பெண்மணியின் நன்கொடை. அவ்வம்மையார் வெறுங்கையாகக் கொடுத்துவிடவில்லை. ஆண்களைப் போன்றே பெண்களையும் சேர்க்க வேண்டும், பட்டம் பெற்றவர்களையே மாணவராக ஏற்க வேண்டும் என்னும் நிபந்தனைகளை விதித்தார். இரண்டாம் உலகப் போரின்போது மருத்துவர்களுக்குப் பஞ்சம் ஏற்பட்டதால் அந்த இரண்டாவது நிபந்தனை சற்றே தளர்ந்தது. அந்தத் தளர்ச்சியினூடே, கல்லூரிப் பட்டம் எதுவும் பெறாமலேயே, 1943-இல் உள்ளே நுழைந்தார் ஓர் இளைஞர். மருத்துவ மரபியலின் தந்தை என்று பின்னாளில் உலகம் கொண்டாடிய விக்டர் மெக்கூசிக் அவர்தாம்.

மெக்கூசிக் 1921-இல் மேய்ன் மாநிலத்தின் பார்க்மன் என்னும் சிற்றூரில், பால்பண்ணை நடத்திய ஒரு குடும்பத்தில் பிறந்தவர். உருவத்தால் வேறுபாடு காண இயலாத இரட்டையருள் ஒருவர். உடன்பிறந்த வின்சென்ட் சட்டம் பயின்று அம்மாநிலத்தின் தலைமை நீதிபதியானார். இரட்டையராய்ப் பிறந்தவர் பரம்பரையை ஆராயப் புகுந்தது பொருத்தமே என்று நமக்குத் தோன்றலாம். ஆனால் அவரை மருத்துவத்தின்பால் ஈர்த்தது வேறொரு நிகழ்ச்சி. 1937-இல், பள்ளிச் சிறுவனாக இருந்தபோது, கையிலும் அக்குளிலும் ஆறாத புண் கண்டு பாஸ்டன் நகர மருத்துவமனையில் வாரக்கணக்கில் கிடந்தார். அப்போதுதான் புழக்கத்திற்கு வந்திருந்த சல்ஃபா மருந்து அவரைப் பிழைக்க வைத்தது. சமயக்குருவாக எண்ணியிருந்த சிறுவன் மருத்துவனாகத் தீர்மானித்தான்.

அவர் தேர்ந்த துறை இதயநோய். இதயத்தின் ஓசைகளைப் படமாகப் பதிவு செய்யும் முறையில் அவர் வல்லவர். ஆயினும் பயிற்சி மருத்துவராக இருந்தபோது, 1947-இல், கண்ட ஓர் இளைஞனை அவரால் மறக்க இயலவில்லை. அவ்விளைஞனின் உதடுகளில் கரும்புள்ளிகள், குடலிலோ சதைக்கட்டிகள். உதட்டுப் புள்ளிக்கும் குடற்கட்டிக்கும் என்ன உறவு? மேலும் சிலர் அதே அடையாளங்களோடு வந்தனர். அவர்களுள் ஒரே குடும்பத்தினரும் இருந்தனர். பாஸ்டனில் இத்தகைய நோயாளிகளைக் கண்டிருந்த ஜெகர்ஸ் என்னும் மருத்துவரோடு சேர்ந்து, பத்து நோயாளிகளின் விவரத்தை 1949-இல் அவர் வெளியிட்டார். ஒரேயொரு மரபணுவில் நேர்ந்த பிழை உடம்பின் வெவ்வேறு மூலைகளில் வெவ்வேறு முகங்காட்ட முடியும் என்னும் பாடம் அவர் மனத்தில் பதிந்தது. நெடிதுயர்ந்த உடலும் சிலந்திக்கால் போன்ற நீண்ட விரல்களும், இடம்பெயர்ந்த கண்வில்லையும், விரிந்து வெடிக்கும் மகாதமனியும் ஒருங்கே காணப்படும் மார்ஃபன் நோயையும் அதே கண்ணோடு பார்த்தார். இணைப்புத் திசுக்களின் பரம்பரை நோய்களைப் பற்றிய அவரது நூல் 1956-இல் வெளிவந்தது.

அடுத்த ஆண்டு ஒரு வாய்ப்பு வந்தது. ஹாப்கின்ஸில் மூர் மருத்துவகம் என்று ஒன்று இருந்தது. மேகநோயாளிகளை ஆண்டுக்கணக்கில் கவனித்து வருவதற்காக அமைந்த இடம் அது. பெனிசிலின் வந்து மேகநோயை அடக்கிவிட்டபின் நாட்பட்ட நோய்கள் யாவற்றையும் பார்க்கும் இடமாக மாறியிருந்தது. 1957 ஜூலையில் அதன் பொறுப்பை ஏற்ற மெக்கூசிக், அதனுள் மருத்துவ மரபியலுக்கென ஒரு பிரிவை நிறுவினார். நல்ல இதய மருத்துவர் ஒருவர் கைக்கெட்டிய எதிர்காலத்தை விட்டுவிட்டு, அரிய நோய்களின் பின்னால் அலையப் போகிறாரே என்று நண்பர்கள் வருந்தினர். அதே ஆண்டில் அமெரிக்காவின் மேற்குக் கரையில், சியாட்டிலிலும் மோட்டுல்ஸ்கி என்னும் அறிஞர் இத்தகையதொரு பிரிவைத் தொடங்கினார் என்பதையும் இங்கே சொல்லி வைப்போம்.

அங்கே பயில வந்த இளைஞர்களுக்கு முதலில் கற்பிக்கப்பட்டது நம் வீட்டு மூதாட்டியின் கலைதான். நோயாளியின் முன் அமர்ந்து, சதுரம் ஆணுக்கும் வட்டம் பெண்ணுக்குமாக வரைந்து, நோயுற்றோரைக் கறுப்பாக்கி, பெற்றோர், உடன்பிறந்தோர், பாட்டன் பாட்டி என்று மேலேறிச் செல்ல வேண்டும். கருச்சிதைவையும் கேட்க வேண்டும்; குழந்தையிலேயே மடிந்தவர்களையும் கேட்க வேண்டும்; கணவன் மனைவிக்குள் முன்னரே உறவு உண்டா என்றும் கேட்க வேண்டும். அதன்பின் அங்கே வர இயலாத உறவினரைத் தேடி, அவர்கள் இருக்குமிடத்திற்கே செல்ல வேண்டும். பயிற்சியாளர்கள் உலகெங்கும் வெளியாகும் மருத்துவ ஏடுகளைப் படித்து ஆண்டுதோறும் ஒரு தொகுப்புரையும் எழுதினர். நாளெல்லாம் மருத்துவகம், இரவெல்லாம் ஏடுகள் என்பதே அவர்களின் வாழ்க்கை.

வந்தவர்கள் பலதிறத்தினர். ஸ்காட்லாந்திலிருந்து 1959-இல் வந்த மால்கம் ஃபெர்குசன் ஸ்மித், குரோமோசோம்களைப் பிரித்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்தை அங்கே அமைத்தார். மனித உயிரணுவில் இருப்பவை 46 குரோமோசோம்களே என்பது திட்டமாகத் தெரிந்து அப்போது மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. கனடாவிலிருந்து வந்த டேவிட் ரிமாயின் மருத்துவப் பட்டத்தோடு நிற்காமல், அங்கேயே மரபியலில் 1967-இல் முனைவர் பட்டமும் பெற்று, குட்டையுருவ நோய்களின் ஆய்வில் பேரறிஞரானார். இங்கிலாந்திலிருந்து 1960-இல் வந்த டேவிட் வெதரால் நமக்கு இன்னும் நெருக்கமானவர். இராணுவச் சேவைக்காகச் சிங்கப்பூருக்கு அனுப்பப்பட்ட அவ்விளைஞர், ஓயாது குருதி ஏற்றவேண்டியிருந்த கூர்க்கா வீரர் ஒருவரின் பெண்குழந்தையை அங்கே கண்டார். அக்குழந்தையின் நோய் தலசீமியா. அந்த நோயின் புதிர் அவரைப் பால்டிமோருக்கு இட்டுச் சென்றது. ஹீமோகுளோபினின் இரண்டு வகைச் சங்கிலிகளுள் ஒன்று குறைவாக உற்பத்தியாவதே தலசீமியாவின் மூலம் என்பதை, கதிரியக்க அடையாளமிட்டு அளந்து காட்டும் முறையை அவரும் துணைவரும் 1965-இல் வெளியிட்டனர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் இலங்கையிலும் நம்மவர் குடும்பங்களிலும் காணப்படும் நோய் இது என்பதை நாம் மறத்தற்கில்லை.

ஆசிரியர்களுக்கும் ஆசிரியர்கள் வேண்டுமல்லவா? மருத்துவக் கல்லூரிகளில் மரபியல் கற்பிப்போரே அரிதாக இருந்த காலம். ஆகவே 1960-இலிருந்து கோடைதோறும், தம் சொந்த மாநிலமான மேய்னில் எலிகளை வளர்த்து மரபியல் ஆராய்ந்துவந்த ஜாக்சன் ஆய்வுக்கூடத்தாரோடு கூடி, பார் ஹார்பர் என்னும் கடலோர ஊரில் இருவாரப் பயிற்சி வகுப்பை மெக்கூசிக் நடத்தினார். எலி பற்றியும் மனிதன் பற்றியும் ஒரே வகுப்பில் பாடம். உலகின் பற்பல மருத்துவக் கல்லூரிகளில் மரபியற் பிரிவுகளைத் தொடங்கியவர்கள் அவ்வகுப்பில் அமர்ந்து எழுந்தவர்களே.

இனி ஆமிஷ் மக்களின் கதைக்கு வருவோம். பென்சில்வேனியா மாநிலத்தின் லங்காஸ்டர் பகுதியில், மின்சாரமும் மோட்டார் வண்டியும் வேண்டாவென்று குதிரை வண்டியோடு வாழும் கிறிஸ்தவ உழவர் கூட்டம் அது. சமூகவியலறிஞர் ஹாஸ்டெட்லர் அவர்களைப் பற்றி எழுதிய நூலின் கைப்படி ஹாப்கின்ஸ் பதிப்பகத்திற்கு வந்திருந்தது. அம்மக்களிடையே மருத்துவம் பார்த்த நாட்டுப்புற மருத்துவர் ஒருவர், அவர்களுள் குட்டையுருவம் கொண்டோர் மிகுதி என்று கூறியிருந்ததும் மெக்கூசிக்கின் கண்ணில் பட்டது. அவர் ஹாஸ்டெட்லரை உடன் அழைத்துக்கொண்டு புறப்பட்டார்.

அங்கே அவருக்குக் கிடைத்தது புதையல் எனலாம். ஆமிஷ் மக்கள் தம் கொடிவழியை அச்சிட்ட நூல்களாகவே வைத்திருந்தனர். இன்னார் மகன் இன்னார், இன்னாரை மணந்தார், இத்தனை மக்கள் என்று 18-ஆம் நூற்றாண்டு வரையிலான கணக்கு. நம் மஹல்லாக்களின் நிக்காஹ் தப்தர்களைப் புரட்டிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். மருத்துவர்களும் பயிற்சி மாணவர்களும் பண்ணைவீட்டு அடுக்களைகளில் அமர்ந்து உரையாடினர். குட்டையுருவத்தோடு கைகளில் ஆறாம் விரலும், வளராத நகங்களும், பலருக்கு இதயத்தில் துளையும் காணப்பட்ட ஒரு நோய், எல்லிஸ், வான் கிரெவெல்ட் என்னும் இருவர் 1940-இல் விவரித்தது, அங்கே மலிந்திருந்தது. அதுவரை உலக மருத்துவ ஏடுகள் அனைத்திலும் பதிவான நோயாளிகளின் தொகைக்கு ஈடாக, ஐம்பதுக்கும் மேற்பட்டோரை அந்த ஒரே மாவட்டத்தில் கண்டனர். அவர்களுடைய பெற்றோர் அனைவரின் கொடிவழியையும் மேலே ஏற்றிச் சென்றபோது, 1744-இல் அமெரிக்கா வந்த சாமுவேல் கிங் என்பவரிடமும் அவருடைய மனைவியிடமும் போய் முடிந்தது. 1964-இல் இவ்வாய்வு வெளியாயிற்று.

இங்கே சற்று நின்று ஒன்றை விளக்குதல் நலம். இத்தகைய நோய் ஒடுங்கு மரபுக்கூறால் வருவது. தாயிடமிருந்தும் தந்தையிடமிருந்தும் பழுதுற்ற மரபணு வந்து சேர்ந்தாலன்றி நோய் வெளிப்படாது. ஒன்று மட்டும் பெற்றவர் முழு நலத்தோடு வாழ்வார். தம்மிடம் அஃதிருப்பதை அறியவும் மாட்டார். அத்தகைய இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நான்கில் ஒரு பங்கு நோய்வாய்ப்பு. மாமன் மகளையோ மாமி மகளையோ மணப்பவர்கள் சராசரியாகத் தம் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பொதுவாகக் கொண்டவர்கள் ஆதலின், மறைந்து கிடக்கும் பழுது இருபுறமும் வந்து கூடும் வாய்ப்பு அவர்களுக்கு மிகுதி. ஆனால் ஆமிஷ் மக்கள் இத்தகைய நேருறவுக்குள் மணப்பதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு சில முன்னோரிடமிருந்து பெருகி, வெளியே பெண் கொடாமலும் கொள்ளாமலும் வாழ்ந்ததே அவர்களிடம் அந்நோய் தங்கக் காரணம். ஊருக்குள்ளேயே சம்பந்தம் செய்துகொள்ளும் நம் கடலோர ஊர்க்காரர்கள், "நாங்கள் அந்நியத்தில்தான் கொடுத்தோம், மூன்று தெரு தள்ளிக் கொடுத்தோம்" என்று சொல்வதைக் கேட்கும்போதெல்லாம் நமக்குச் சாமுவேல் கிங் நினைவு வருகிறது.

நம் நாட்டிலும் இவ்வினா எழாமலில்லை. மூர் மருத்துவகத்தில் மரபியல் நுழைந்த அதே 1957-இல், ஆங்கிலேய மரபியல் மேதை ஹால்டேன் இங்கிலாந்தைத் துறந்து இந்தியாவில் குடியேறினார். அவருடைய மாணாக்கர் துரோணம்ராஜுவும் மருத்துவர் மீரா கானும் ஆந்திரத்தில் உறவுத் திருமணங்களை ஆராய்ந்து 1963-இல் முடிவுகளை வெளியிட்டனர். மீரா கான் பின்னர் ஹாலந்து நாட்டு லைடன் நகரத்திற்குச் சென்று, மரபணுக்கள் எந்தக் குரோமோசோமில் உள்ளன என்று இடங்காணும் உலகப் பணியில் பங்குகொண்டார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த ராவும் இன்பராஜும் தமிழகத்துக் குடும்பங்களை ஆராய்ந்து 1977-இல் எழுதியபோது, தலைமுறை தலைமுறையாக உறவில் மணந்துவரும் இங்கே எதிர்பார்த்த அளவு பெருந்தீங்கு தென்படவில்லை என்றனர். அது சராசரிக் கணக்கு. அரிய ஒடுங்கு நோய்களைத் தனித்தெடுத்துப் பார்த்தால் அவை உறவுத் திருமணங்களிலேயே மிகுதி என்பதில் மருத்துவர்களுக்குள் கருத்து வேறுபாடில்லை. சராசரியைச் சொல்லி ஒரு தாயைத் தேற்ற இயலாது.

மீண்டும் பால்டிமோருக்குச் செல்வோம். அங்கே ரோஜர் டானஹியூ என்றொரு முனைவர்ப் பட்ட மாணவர் இருந்தார். குரோமோசோம்களைப் பிரித்துப் படமெடுக்கப் பழகுகையில் தம் குருதியையே எடுத்துப் பார்த்தார். முதலாம் எண்ணுள்ள குரோமோசோம் இணையில் ஒன்று மற்றதைவிட நீண்டு, முறுக்கு அவிழ்ந்தாற்போல் தோன்றியது. வேறொருவராயிருப்பின் கண்ணாடித் தகட்டில் ஏதோ கோளாறு என்று ஒதுக்கியிருப்பார். இவரோ தம் உறவினர் வீடுகளுக்குச் சென்று குருதி கேட்டார். அவர்களுள் யார் யாரிடம் அந்நீண்ட குரோமோசோம் இருக்கிறது, அது எந்தக் குருதி வகையோடு கூடவே இறங்கி வருகிறது என்று கணக்கிட்டபோது, டஃபி என்னும் குருதி வகையோடு அது சேர்ந்து வருவது புலனாயிற்று. பாலினத்தோடு தொடர்புடைய எக்ஸ் குரோமோசோமில் சில மரபணுக்கள் உள்ளமை முன்னரே தெரியும். மற்றைய 22 இணைகளுள் ஒன்றில், இன்ன மரபணு இன்ன எண்ணில் என்று சுட்டிக்காட்டப்பட்டது 1968-இல் வெளியான இந்த ஆய்விலேதான் முதன்முறை. மனிதகுலத்தின் மரபணுப் படத்தில் அந்த முதற்புள்ளியை வைத்தவர் ஒரு மாணவர். பொருளாக அமைந்தது அவருடைய சொந்தக் குடும்பம். கேட்டவரும் கொடுத்தவரும் ஒரே வீட்டார்!

அதற்கு ஈராண்டு முன்னரே, 1966-இல், மனிதனின் பரம்பரைக் கூறுகள் அனைத்தையும் எண்ணிட்டு வரிசைப்படுத்திய மெக்கூசிக்கின் அகராதி வெளிவந்திருந்தது. முதற்பதிப்பில் ஏறத்தாழ 1,500 பதிவுகள். கணிப்பொறி அறை நிறைய இடம் அடைத்துக்கொண்டிருந்த காலத்திலேயே அதன்வழி தயாரித்த நூல் அது. 1998-இல் பன்னிரண்டாம் பதிப்பு வந்தது. 1987 முதல் கணிப்பொறி வலையிலும் அது கிடைக்கலாயிற்று. இன்றும் உலகத்தின் எந்த மூலையிலேனும் பெயர் தெரியாத குறையோடு பிறக்கும் குழந்தையின் மருத்துவர் முதலில் புரட்டுவது அதைத்தான்.

இவ்வளவும் பெருமை. இனி உறுத்துகின்ற பகுதி.

1951-இன் தொடக்கத்தில் ஹென்றியெட்டா லாக்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி கருப்பைவாய்ப் புற்றுநோயோடு ஹாப்கின்ஸ் மருத்துவமனைக்கு வந்தார். ஐந்து குழந்தைகளின் தாய். சிகிச்சையின்போது எடுத்த சதைத் துணுக்கு, அவரிடம் சொல்லப்படாமலும் கேட்கப்படாமலும், ஜார்ஜ் கை என்பாரின் ஆய்வுக்கூடத்திற்குச் சென்றது. மனித உயிரணுக்களை உடலுக்கு வெளியே நிலையாக வளர்க்க ஆண்டுக்கணக்கில் முயன்று தோற்றிருந்தார் அவர். இந்த உயிரணுக்களோ மடியாமல் பெருகின. அவ்வாண்டு அக்டோபர் 4-இல், தம் 31-ஆம் வயதில், ஹென்றியெட்டா மறைந்தார். ஹீலா என்று பெயரிடப்பட்ட அவருடைய உயிரணுக்கள் உலக ஆய்வுக்கூடங்களுக்கெல்லாம் சென்றன. இளம்பிள்ளைவாதத் தடுப்பு மருந்தைச் சோதித்தறிய அவை உதவின. அவற்றை விற்றுத் தாங்கள் பணம் ஈட்டவில்லை என்று ஹாப்கின்ஸ் நிறுவனம் கூறுகிறது. வேறு பலர் ஈட்டினர்.

அவ்வுயிரணுக்களின் வீரியமே ஓர் இடரையும் விளைத்தது. பக்கத்துக் குப்பிகளிலும் புகுந்து, அங்கிருந்தவற்றை விழுங்கி, தாமே நிறைந்துவிட்டன. வெவ்வேறு உறுப்புகளிலிருந்து எடுத்து வளர்த்ததாக நம்பிய பல உயிரணு வகைகள் உண்மையில் ஹீலாவே என்று கார்ட்லர் என்னும் அறிஞர் 1966-இல் காட்டியபோது ஆய்வுலகம் திடுக்கிட்டது. எது ஹீலா, எது அன்று என்று திட்டமாகப் பிரித்தறிய வேண்டுமாயின் ஹென்றியெட்டாவின் மரபணு அடையாளங்கள் வேண்டும். அவர் இல்லை, கணவரும் மக்களும் இருந்தனர். எனவே 1973-இல் மெக்கூசிக்கின் பிரிவிலிருந்து, முதுநிலைப் பயிற்சியில் இருந்த ஆய்வாளர் ஒருவர் அக்குடும்பத்தாரிடம் குருதி கேட்டார்.

கொடிவழி வரைவதில் தேர்ந்த கூடம். குடும்பங்களின் அடுக்களையில் அமர்ந்து பழகிய கூடம். ஆனால் அக்குடும்பத்தார் விளங்கிக்கொண்டது வேறு. தாயைக் கொன்ற புற்றுநோய் மக்களுக்கும் உண்டா என்று சோதிக்கவே குருதி எடுக்கிறார்கள் என்று கணவர் டேவிட் எண்ணினார். மக்களிடமும் அவ்வாறே கூறினார். மகள் டெபோரா, தாய் மடிந்த வயதைத் தாமும் நெருங்கிக்கொண்டிருந்தவர், சோதனை முடிவுக்காகக் காத்திருந்தார். முடிவு வரவில்லை. வருவதற்கில்லை, அந்தச் சோதனையே நடக்கவில்லை. மேலும் குருதி கொடுக்கச் சென்ற டெபோரா, தம் தாயைப் பற்றி மெக்கூசிக்கிடமே கேட்டார். அவர் தாம் பதிப்பித்த மரபியல் நூல் ஒன்றில் கையொப்பமிட்டுக் கொடுத்தார். அதனுள்ளே தாயின் நிழற்படம் இருந்தது. சுற்றியிருந்த எழுத்துகளோ டெபோராவுக்கு விளங்கவில்லை. அக்குருதியிலிருந்து கண்ட அடையாளங்களை விவரிக்கும் கட்டுரை 1976-இல் புகழ்பெற்ற அறிவியல் ஏடொன்றில் வெளியாயிற்று. அக்குடும்பத்தாருக்கு விரிவாக விளக்கும் முயற்சி நடந்திருக்காது என்றே மெக்கூசிக்கும் பின்னாளில் ஒப்புக்கொண்டார்.

வஞ்சகம் என்று நாம் இதனைச் சொல்லமாட்டோம். குருதி எடுத்தவருக்குக் குடும்பத்தார் எல்லாம் அறிந்தவர்கள் என்ற எண்ணம் இருந்திருக்கலாம். அக்காலத்து நடைமுறையும் அத்தகையது. ஆராய்ச்சிக்கு உட்படுவோரின் இசைவைக் குறித்து அமெரிக்க நாட்டுச் சட்டம் உறுதியாகப் பேசத் தொடங்கியதே 1974-இல்தான். எனினும் ஒன்றை மறைத்தற்கில்லை. கேட்கும் கலை அங்கே பாடமாக இருந்தது. கேட்டதை எதற்காகக் கேட்டோம் என்று திருப்பிச் சொல்லும் கலை பாடமாக இல்லை. ஆமிஷ் பண்ணை வீடுகளுக்குச் செல்லும்போது அம்மக்களின் இயல்பறிந்த அறிஞரைத் துணைக்கு அழைத்துச் சென்ற அதே பிரிவு, தன் வாயிலிலிருந்து கூப்பிடு தூரத்தில் வாழ்ந்த கறுப்பினக் குடும்பத்தாரிடம் செல்லும்போது அத்தகைய துணையைத் தேடவில்லை. இதை எண்ணாமல் அப்பிரிவின் புகழை மட்டும் பாடுவது வரலாறாகாது.

ஆமிஷ் மக்கள் கொடுத்த குருதிக்கும் கைம்மாறு உடனே கிடைத்துவிடவில்லை. ஆய்வேடுகள் நிறைந்தன, குழந்தைகள் மடிந்துகொண்டே இருந்தன. 1989-இல் ஹோம்ஸ் மார்ட்டன் என்னும் குழந்தை மருத்துவர் லங்காஸ்டர் பகுதியிலேயே குடியேறி, பரம்பரை நோயுற்ற குழந்தைகளுக்கென ஒரு மருத்துவகம் தொடங்கினார். கட்டடத்தை ஆமிஷ் மக்களும் மென்னோனைட் மக்களும் களஞ்சியம் எழுப்புவது போலத் தம் கைகளாலேயே மரச்சட்டம் கோத்து எழுப்பினர். உடற்கூற்று வேதிமாற்றத்தில் கோளாறுற்றுப் பிறக்கும் குழந்தைகளை முதல் நாட்களிலேயே கண்டறிந்து, உணவை மாற்றியே பலரை முடமாகாமல் காக்கிறார்கள் அங்கே. ஆறுவிரல் நோய்க்குக் காரணமான மரபணு 2000-இல் கண்டறியப்பட்டது.

மெக்கூசிக் 2008 ஜூலையில் காலமானார். அவருடைய பெயரோடு, அதே கல்லூரியில் நுண்ணுயிரியல் ஆராய்ந்து 1978-இல் நோபெல் பரிசில் பங்குபெற்ற டேனியல் நேதன்ஸின் பெயரையும் இணைத்து, ஒரு மரபியல் நிலையம் 1999-இல் அங்கே நிறுவப்பட்டிருந்தது. 2000-இலிருந்து 2007 வரை அதற்குத் தலைமை வகித்தவர் கல்கத்தாவில் பயின்ற அரவிந்த சக்கரவர்த்தி.

லாக்ஸ் குடும்பத்தார் பற்றிய நூல் 2010-இல் வெளிவந்தபின் உலகம் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. ஹீலாவின் மரபணுத்தொகுதியை யார் பயன்படுத்தலாம் என்று தீர்மானிக்கும் குழுவில் அக்குடும்பத்தாருக்கும் இடமளிக்க அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனம் 2013-இல் உடன்பட்டது. அவ்வுயிரணுக்களால் ஆதாயம் பெற்ற ஒரு பெருநிறுவனம் 2023-இல் அவர்களோடு சமரசம் செய்துகொண்டது.

இவற்றுக்கெல்லாம் முன்னர், 2001-இல் நடந்த ஒரு நிகழ்ச்சி உண்டு. ஹாப்கின்ஸில் புற்றுநோய் மரபியல் ஆராய்ந்து வந்த கிறிஸ்டோஃப் லெங்காவர் என்னும் இளம் ஆய்வாளர், ஹீலாவின் குரோமோசோம்களை வண்ண வண்ணமாக ஒளிரச் செய்து எடுத்த படமொன்றை டெபோராவுக்குப் பரிசளித்திருந்தார். தம் ஆய்வுக்கூடத்திற்கு வருமாறும் அழைத்திருந்தார். டெபோரா தம் இளைய தமையனாரை அல்ல, தம்மினும் இளையவரான தம்பியை உடன் அழைத்துச் சென்றார். தாய் மடிந்தபோது அத்தம்பி கைக்குழந்தை. பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவி ஸகரிய்யா பாரி அப்துர் ரஹ்மான் என்று பெயர் கொண்டவர். அந்த மருத்துவமனையின் பெயரைக் கேட்டாலே சினம் கொள்பவர். லெங்காவர் அவ்விருவரையும் அமரவைத்து, உயிரணு என்றால் என்ன, மரபணு என்றால் என்ன என்று படம் வரைந்து விளக்கினார். இருவரும் கேட்டவற்றுக்கெல்லாம் விடை சொன்னார். பின்னர் குளிர்பெட்டியைத் திறந்து, உறைந்திருந்த ஒரு சிறு குப்பியை டெபோராவின் கையில் கொடுத்தார். அது மிகவும் குளிர்ந்திருந்தது. டெபோரா அதனை இரு கைகளாலும் பொதிந்து, வாயால் ஊதிச் சூடேற்றினார்.